மேனேஜர் பேசுகிறார்

— …ஆமா சார், ஃபைல் என் மேஜையிலதான்… என் கையெழுத்து இல்லாம எதுவும் நகராது சார்… என்ன, கைய ஆட்டுற? முக்கியமா பேசிட்டிருக்கேன், தெரியல?

— தெரியுதுங்க. முடிச்சுட்டே வாங்க.

— அப்புறம் கூப்பிடறேன் சார்… ம், சொல்லு. பொண்ணு படிப்புக் கடன் வந்துடுச்சா?

— இல்லைனுட்டாங்க.

— மேனேஜர் பொண்ணுக்கா? நாளைக்கு நானே போய் எதிர்ல உக்காந்தேன்னா…

— உக்காந்தாலும் அதேதான். ஜாமீன் போடுற அப்பா பேர்ல பாக்கி இருக்காம். செல்போன் பில்.

— சே, அதுவா! அது கம்பெனி கட்டறது. கிளார்க் மறந்திருப்பான்.

— எட்டு மாசமாவா? போன் கடைக்கே போய்க் கேட்டேங்க. லைனை வெட்டிட்டாலும் ஒப்பந்தம் முடியிற வரைக்கும் மாச வாடகை ஏறிக்கிட்டே இருக்குமாம். போனுக்கு மீதி இருந்த தவணையையும் மொத்தமா சேர்த்துட்டாங்க. வசூல் பண்ற ஆள் கூலியும் நம்ம தலையிலதான்.

— வசூல் ஆளா? இங்க வந்தானா?

— நாலு தடவை. நீங்க ஆபீஸ் போயிருந்தீங்க.

— பாத்தியா! ஆபீசுக்கு வந்திருந்தா நானே…

— வந்தாராம். உங்க நாற்காலியில வேற ஒருத்தர் இருந்தாராம். போன் கடையில குடுத்த இந்த விண்ணப்பத்துல, வேலை போயிடுச்சுன்னு எழுதிக் குடுத்தா அபராதத்தைத் தள்ளுபடி பண்ணிட்டு பாக்கியை மாசாமாசம் வாங்கிக்கறாங்களாம். அதுக்கு அவங்க குடுக்கற கடிதம் வெள்ளிக்கிழமைக்குள்ள பேங்குக்குப் போனா அவ காலேஜ் சீட்டு பொழைக்கும்.

— அப்போ… நான் இப்ப பேசிட்டிருந்தது…

— பேனா இந்தாங்க.

— "தொழில்"னு கேட்டிருக்கான்.

— உள்ளதை எழுதுங்க.

— …எழுதிட்டேன். பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாத. அப்பா பெரிய மேனேஜர்னு நினைச்சிட்டிருக்கா.

— நீங்க பேச ஆரம்பிச்சா டிவி சத்தத்தைக் குறைடின்னு நான்தான் கத்துவேன், ஞாபகம் இருக்கா? ஆறு மாசம் முன்னாடி ஒருநாள், நீங்க பால்கனியில பேசிட்டிருக்கறப்பவே, உள்ள இருந்து அவ உங்க நம்பருக்குப் போட்டுப் பாத்தா. இந்த எண் உபயோகத்துல இல்லைன்னு வந்துச்சு. அன்னையிலிருந்து நான் சொல்லவே வேண்டியதில்லை… அவளே குறைச்சுடறா.