ஃபா சோ லா பாஷை

இல்லை அன்ரி, இது கணக்குப் புத்தகம் இல்லை. முக்கோணமும் சதுரமும் கிடக்கிறதாலை அப்பிடித் தெரியுது. பழைய அமெரிக்காத் தோத்திரப் பாட்டுகள், இப்ப புதுசா அச்சடிச்சிருக்கினம். வாத்தியம் ஒண்டும் இல்லை, தொண்டைதான். முக்கோணம் எண்டால் ஃபா, வட்டம் சோ, சதுரம் லா, சாய்சதுரம் மி. முதல்ல முழுப் பாட்டையும் இந்த ஃபா சோ லாவிலை பாடிப்போட்டு, பிறகுதான் சொல்லு வைச்சுப் பாடுறது. அது அவையின்ரை வழக்கம்.

ஓம், சனிக்கிழமை ஓல்போர்க்கிலை எனக்குக் கலியாணம். அப்பாவோடதான் இந்த ரயிலிலை போறன். அவர் ரொயிலற்றுக்குப் போட்டார், வரமுந்திச் சொல்லுறன், கேளுங்கோ.

மாப்பிளை ஜெனிஸ்ரன். நல்ல பொடியன், ஆனால் லூத்தரன் சபை. எங்கட அப்பா பெந்தகோஸ்தே, ஹோர்சன்ஸ் சபையிலை மூப்பர். ஆவி இறங்கி, ஒருத்தருக்கும் விளங்காத அந்நிய பாஷை பேசாதவனுக்குப் பொம்பிளை இல்லை எண்டு ஒரே பிடி. அழுது பாத்தன், சாப்பிடாமல் கிடந்து பாத்தன். மனுசன் அசையேல்லை.

பிறகு ஒரு ஞாயிறு இவன் தன்ரை டெனிஷ் சினேகிதரோட எங்கட சபைக்கு இந்தப் பாட்டுகளைப் பாட வந்தான். கதிரையளைச் சதுரமாப் போட்டு, ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கொண்டு இருந்தினம். கையை மேலையும் கீழையும் ஆட்டி, கழுத்து நரம்பு புடைக்க, ஃபா லா சோ லா எண்டு துவங்கிச்சினம். திரும்பிப் பாத்தால் அப்பா எழும்பி நிண்டு அழுறார். ஆவி இறங்கீட்டுது எண்டுறார். சபை முழுக்க ஸ்தோத்திரம். அது வெறும் சுரம் எண்டு எனக்குத் தெரியும், வாய் திறப்பனே? பிறகு அதே மெட்டிலை இங்கிலிஷ் சொல்லு வந்ததும், இந்தா அந்நிய பாஷைக்கு வியாக்கியானமும் வந்திட்டுது எண்டு எங்கட சபைப் பேனாட் அண்ணை மைக்கிலை சொல்லிப்போட்டார். அண்டைக்கே அப்பா சம்மதம்.

சிரியாதேங்கோ அன்ரி. விசயம் தெரிஞ்சால் கலியாணம் நிண்டுபோகும் எண்டு நான் நித்திரையில்லாமல் கிடக்கிறன். அப்பா இப்ப கோழி வெட்டேக்கையும் அந்தப் பாஷையிலைதான் ஜெபம். முதல்ல ஃபாவும் லாவும் மாறிக் கிடந்தது, திருத்தவும் ஏலாது. இப்ப கொஞ்ச நாளா எல்லாம் சரியா வருது.

என்ன? இல்லை, புத்தகம் ஜெனிஸ்ரன்ரை இல்லை. இப்பதான் தண்ணிப் போத்தல் தேடி அப்பான்ரை பையைத் திறந்தனான். ஓரத்திலை பாருங்கோ, பென்சிலாலை ஃபா, சோ, லா எண்டு தமிழிலை எழுதிக் கிடக்கு. அப்பான்ரை கையெழுத்து.

அந்தா வாறார். பையை மூடிப்போட்டன். நான் ஒண்டும் பாக்கேல்லை, நீங்களும் பாக்கேல்லை, சரியோ அன்ரி.