லீவு நாள்ல குட்டையான செடி

…தொடப்பத்த உருவிட்டாங்கம்மா, தொடப்பத்த! நான் என்ன கதையா விடுறேன்? இங்க பாருங்க. இது தொடப்பமா, இல்ல நாய் கடிச்சுத் துப்புன வாலா? கேட்டா வசந்த காலமாம். பறவையெல்லாம் கூடு கட்டுமாம். நாலாப்புப் பிள்ளைங்க வரிசையா வந்து, ஆளுக்கு நாலு குச்சி உருவிட்டுப் போயி, வேலிக் கம்பியில சொருகி வச்சிருக்குதுங்க. பறவை வந்து எடுத்துக்கிட்டுப் போகுமாம். ஏம்மா, பறவைக்கு என் தொடப்பம்தான் கெடச்சுதா? ஊர்ல மரமே இல்லையா?

உக்காருங்க, உக்காருங்க. பெரிய டீச்சர் உள்ள வேலையா இருக்காங்க. அந்த ஓரம் வேணாம்மா, பெஞ்சுக் கால் ஆடும். ஒரு ஆணி வாங்கித் தாங்கன்னு கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலிச்சுது. இந்தப் பக்கம் வாங்க. ஆங்… அப்படி.

பதினேழு வருஷம்மா. மணியடிக்கிறது நான். கூட்டுறது நான். மோட்டார் போடுறது நான். அத்தன ரூம் சாவியும் என் இடுப்புல. பிள்ளைங்க சாவித் தாத்தாங்கும். போகட்டும், அதுங்க கூப்புடுறது நல்லாத்தான் இருக்கு. ஆனா குளிர் விட்டு வெயில் தலகாட்டுனா போதும், இந்த டீச்சருங்களுக்கு ஒரு கிறுக்குப் புடிச்சுக்கும். பிள்ளைங்கள ரூமுக்குள்ளயே வச்சுக்க மாட்டாங்க. வெளிய கூட்டிட்டுப் போயி பூவப் பாரு, புழுவப் பாருன்னு காட்டி, திரும்பி வரும்போது ஒவ்வொண்ணு கால்லயும் அரக் கிலோ சேறு! யாரு கழுவுறது? புழுவா வந்து கழுவும்?

போன வாரம் மூணாப்புல ஒரு கூத்து. கொடிக் கம்பத்தோட நெழல் மணிக்கு மணி எங்க விழுதுன்னு சாக்பீஸால கோடு போட்டிருக்காங்க. எனக்கு யாராவது சொன்னாங்களா? தரையெல்லாம் கிறுக்கிக் கெடக்கேன்னு நான் ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தி விட்டேன். அவ்வளவுதான்! மூணாப்பு டீச்சர் ஓடி வருது. "ஐயோ தாத்தா, பன்னெண்டு மணி நெழலக் கழுவிட்டீங்களே"ங்குது! நெழலக் கழுவ முடியுமா? நீங்களே சொல்லுங்க. ஏம்மா, நாளைக்கும் பன்னெண்டு மணி வரத்தானே போவுது, அப்பப் போட்டுக்கன்னேன். மொறச்சிட்டுப் போயிருச்சு. அன்னிலேருந்து என்னையப் பாத்தா மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்குது. நானும் திருப்பிக்குவேன். எனக்கும் கழுத்து இருக்குல்ல?

மூணாப்பு டீச்சராவது பரவால்ல. இந்த ரெண்டாப்பு டீச்சர் இருக்கே… சரி விடுங்க. எனக்கு அடுத்தவங்களப் பத்திப் பேசுற பழக்கம் கெடையாது.

இல்ல, கேளுங்க. நீங்க கேட்டதால சொல்றேன். ரெண்டாப்புல அவரை வெதை போட்டாங்க. ஆளுக்கு ஒரு காகிதக் கப்பு, கொஞ்சம் மண்ணு, ஒரு வெதை. கப்பு மேல பேரு. தெனமும் ஸ்கேல் வச்சு எத்தன சென்டிமீட்டர்னு அளக்கணும், கட்டம் போட்ட தாள்ல புள்ளி வைக்கணும், புள்ளியெல்லாம் சேத்துக் கோடு இழுக்கணும். நல்ல வேலதான். நான் குத்தம் சொல்லல. ஆனா அந்த டீச்சர் வெதை குடுத்த லட்சணத்தக் கேளுங்க. பிள்ளைங்களுக்குக் குடுத்துச்சு, சரி. சமையக்காரம்மாவுக்கு ஒண்ணு. வேன் டிரைவருக்கு ஒண்ணு. அவனுக்கு எதுக்கும்மா? ஸ்டியரிங்லயா நடப்போறான்? ஊசி போட வர்ற நர்ஸம்மாவுக்குக்கூட ஒண்ணு குடுத்திருக்கு. எனக்கு? ம்ஹூம். அந்த மண்ணையே மூட்டையா சுமந்துட்டு வந்து போட்டது யாரு? இந்தா, இந்தத் தோள்பட்டைதான்.

என்ன? அன்னிக்கு நான் வந்திருந்தேனாவா?

அது… அன்னிக்குப் பல்லு வலி. லீவு போட்டிருந்தேன். லீவுன்னா? ஒரு வெதைய ஒரு தாள்ல மடிச்சு எடுத்து வைக்க முடியாதா? வெதை என்ன ஐஸா, உருகிப் போறதுக்கு?

நான் யார்கிட்டயும் போயிக் கேக்கல. மறுநாள் கூட்டும்போது பெஞ்சுக்கடியில ஒரு வெதை கெடந்துச்சு. எடுத்தேன். திருட்டு இல்லம்மா, கூட்டுற குப்பையில வர்றது கூட்டுறவனுக்குத்தான். ஒரு டீக்கப்புல மண்ணு போட்டு, மோட்டார் ரூம் பின்னாடி வச்சேன். மூணு நாளு ஒண்ணுமில்ல. நாலாம் நாளு காலையில பாத்தா… அப்படியே கூன் போட்டு, தலைய மண்ணுக்குள்ளேருந்து இழுத்துக்கிட்டு வருது! வயசு அறுபத்தி ஆறாவுது எனக்கு. எத்தனையோ செடி பாத்திருக்கேன், வெட்டியிருக்கேன். ஒண்ணு மொளைக்கிறத உக்காந்து பாத்ததில்ல. சிரிக்காதீங்க. நானும் அளந்தேன். ஸ்கேல் எங்கிட்ட இல்ல, வெரலால அளந்தேன். அங்க வெயில் கம்மி, அதனால எஞ்செடி கொஞ்சம் குட்டதான். ஆனா தண்டு நல்ல திடம்.

எங்க விட்டேன்? ஆங், ரெண்டாப்புக் கப்பு.

முப்பத்தி ரெண்டு கப்பும் அந்த ரூம் ஜன்னல்ல வரிசையா. மேல ஒரு சீட்டு ஒட்டியிருக்கு. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனா படிச்சுருவேன். 'யாரும் தொடக் கூடாது'ன்னு போட்டிருந்துச்சு. யாரும்னா யாரு? பிள்ளைங்க தொடணும், அளக்கணும். டீச்சர் தொடும். மிச்சம் யாரு? அது எனக்குன்னே ஒட்டுன சீட்டும்மா! எனக்குத் தெரியாதா?

அதனாலயே தொட்டேன்.

கெடுக்குறதுக்கு இல்ல, சத்தியமா. சாயந்தரம் கூட்டப் போனா, அத்தன செடியும் வெளிய எட்டிப் பாக்குற மாதிரி ஜன்னல் பக்கமாச் சாஞ்சு நிக்குது. பாக்கவே நல்லால்ல. ஒவ்வொரு கப்பையும் திருப்பி வச்சேன். மறுநாள் நேரா நின்னுச்சு. சாயந்தரம் மறுபடி சாஞ்சுச்சு, மறுபடி திருப்புனேன். தெனம் தெனம் இதே வேல. பட்டாளம் மாதிரி நிமுந்து நின்னுச்சுங்க! ஒரு நாள் அந்த டீச்சர் பிள்ளைங்கள நிக்க வச்சு, "பாத்தீங்களா, செடி எப்பவும் வெளிச்சத்தப் பாத்துச் சாயும்"னு சொல்லுது. பிள்ளைங்க பாக்குது. ஒண்ணும் சாயல. டீச்சர் பொஸ்தகத்தப் பாக்குது, செடியப் பாக்குது, மறுபடி பொஸ்தகத்தப் பாக்குது! நான் வாசல்ல தரை தொடச்சுக்கிட்டு… அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோஷம் இருக்கே. ஒரு வாரத்துக்குத் தாங்குச்சு.

நேரமாச்சா? இருங்கம்மா, இப்பக் கூப்புட்டுருவாங்க. ஃபோன்ல பேசிட்டு இருப்பாங்க.

அந்த ரெண்டாப்புல ஒரு பாப்பா இருக்கு. நான் கேள்விப் பாப்பான்னு கூப்புடுவேன். என்னைய எங்க பாத்தாலும் ஒரு கேள்வி. "தாத்தா, மணிக்கு வலிக்குமா?" "தாத்தா, சாவி தொலஞ்சா பூட்டு அழுமா?" நான் வேல கெடக்கு போ போன்னு வெரட்டுவேன். ஆனா ஒரு நாள் கேள்வி வரலன்னா எனக்கு வாய் நமநமங்கும். அந்தப் பாப்பா செடிதான் ரெண்டாப்புலயே நல்ல செடி. வெள்ளிக்கெழம பதினாலு சென்டிமீட்டர். புள்ளி வச்சுட்டு என்கிட்ட வந்து சொல்லிட்டுத்தான் வேன் ஏறுச்சு. "தாத்தா, பதினாலு! எடது பக்க எலையில ஒரு ஓட்ட இருக்கு, புழு தின்னுருக்கு, தின்னா தின்னட்டும், அதுக்கும் பசிக்கும்ல?"ன்னுட்டுப் போச்சு.

திங்கக்கெழம வந்து அளந்தா ஒம்போது.

ஆமாம்மா. ஒம்போது. அஞ்சு சென்டிமீட்டர் கொறஞ்சு போச்சு.

பாப்பா ஒம்போதுன்னே புள்ளி வச்சுருச்சு. டீச்சர் வந்து பாத்துட்டு, "செடி எங்கயாவது குட்டையாகுமா? தப்பா அளந்திருக்க, பத்தொம்போதா இருக்கும், அழிச்சு எழுது"ங்குது. பாப்பா மாட்டேங்குது. மறுபடி அளந்து காட்டுது. ஒம்போதுதான்! அப்ப வெள்ளிக்கெழம எழுதுன பதினாலு தப்பு, அத அழின்னு டீச்சர் சொல்லுது. அதுக்கும் மாட்டேங்குது. அதுவும் சரியாத்தான் அளந்தேங்குது. கூட இருக்குற வாண்டுங்க சும்மா இருக்குமா? ஒருத்தன் சொல்றான், ரெண்டு நாள் நம்மளப் பாக்காம ஏங்கிப் போச்சுன்னு. இன்னொருத்தி சொல்றா, லீவு நாள்ல செடியும் படுத்துக்கும், அப்பச் சுருங்கும்னு. எல்லாரு தாள்லயும் கோடு மலை ஏறுது. இந்தப் பாப்பா தாள்ல மட்டும் சறுக்கு மரம் மாதிரி எறங்குது.

பாப்பா கடைசியா ஒண்ணு சொல்லுச்சு. "டீச்சர், இது என் செடியே இல்ல. என் எலையில ஓட்ட இருந்துச்சு." டீச்சருக்குக் கோவம் வந்துருச்சு. அளக்கத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு, பொய் சொல்லாதேன்னுருச்சு.

பொய்… அந்தப் பிள்ள அழவே இல்லம்மா. ரப்பரத் தூக்கி ஜன்னலுக்கு வெளிய எறிஞ்சுட்டு, மேசைக்கடியில போயி உக்காந்துக்கிச்சு. அந்த ரப்பர நான்தான் எடுத்தேன். இந்தா, பாக்கெட்லயே இருக்கு. முயல் மாதிரி ரப்பரு, ஒரு காது தேஞ்சு போயி.

நாளைக்கு வசந்த கண்காட்சி. எல்லாரு தாளும் சுவத்துல ஏறுது. அந்தத் தாளு மட்டும் ஏறாதாம். நேத்து டைரியில எழுதி விட்டுருக்காங்க, அம்மாவ வரச் சொல்லி.

அப்படிப் பாக்காதீங்கம்மா.

சரி. சொல்லிர்றேன். சனிக்கெழம ஸ்கூல் கழுவ வந்தேன். வழக்கம் போல கப்பத் திருப்பிக்கிட்டே வந்தேன். லீவு நாளு, எவன் கேப்பான்னு ஒரு திமிரு. இடுப்புல சாவிக் கொத்து வேற. திரும்புனேன் பாருங்க, சாவி பட்டு ஒரு கப்பு கீழ. எது? அதே செடி! தண்டு மடங்கித் தொங்குது. முப்பத்தி ரெண்டு கப்புல அது ஒண்ணுதான் விழணுமா? எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. சொன்னா, சீட்டு ஒட்டுனது சரிதான்னு ஆயிரும்ல? அந்த டீச்சர்கிட்டயா? நானா?

நேரா மோட்டார் ரூம் பின்னாடி போனேன். எஞ்செடிய மண்ணோட பேத்து எடுத்தேன். அந்தக் கப்புல வச்சேன். பேரு எழுதுன பக்கத்த வெளியப் பாத்து வச்சேன். யாருக்குத் தெரியப் போவுதுன்னு நெனச்சேன். பாத்த செடியெல்லாம் எனக்கு ஒண்ணு மாதிரித்தான் இருந்துச்சு. ஏழு வயசுப் பிள்ளைக்கு எலையில இருக்குற ஓட்டகூட ஞாபகம் இருக்கும்னு நான் கண்டேனா?

அது கெடக்கட்டும். பாப்பா செடி சாகல. ஐஸ் குச்சி ஒண்ணு வச்சு நூலு சுத்தி என் டீக்கப்புல வச்சேன். புதங்கெழம தலைய நிமித்திருச்சு! இன்னிக்கு வெரலால அளந்தேன், பதினாறுக்குக் கொறையாது. சத்தமில்லாம மாத்தி வச்சுரலாமான்னு பாத்தேன். அப்புறம் யோசிச்சேன். ஒம்போதுலேருந்து பதினாறுக்கு ஒரே நாள்ல தாவுனா, அந்தப் பிள்ளைய இன்னும் என்னெல்லாம் சொல்லுவாங்க!

என்னம்மா எந்திரிச்சுட்டீங்க? இருங்க. பெரிய டீச்சரப் பாக்கவா?

அவங்க ஃபோன்லயெல்லாம் இல்ல. நீங்க வந்தவொடனே அனுப்பச் சொன்னாங்க. நான்தான் அனுப்பல. கேட்டுல நுழையும்போதே தெரியும், நீங்க யாருன்னு. அந்த நெத்தி, அந்த மொறைப்பு, அப்படியே உரிச்சு வச்சிருக்கு. உள்ள போயி அவங்க சொல்றதக் கேட்டுட்டு, வீட்ல போயி பிள்ளையத் திட்டிப்புட்டீங்கன்னா? அதுக்கு முன்னாடி சொல்லிரலாம்னு ஆரம்பிச்சேன். தொடப்பத்துல ஆரம்பிச்சா எப்படியாவது செடிக்கு வந்து சேந்துருவேன்னு பாத்தேன். கொஞ்சம் சுத்திருச்சு.

நில்லுங்க, நானும் வர்றேன். மொதல்ல நான் உள்ள போறேன், நீங்க பின்னாடி வாங்க. ரொம்பப் பின்னாடி வேணாம், கூடவே வாங்க. அந்த ரெண்டாப்பு டீச்சரும் உள்ளதான் இருக்கு. இந்தாங்க, இந்த டீக்கப்பப் புடிங்க, பெஞ்சுக்கடியிலதான் வச்சிருந்தேன். சாயாமப் புடிங்க, குச்சி ஆடும். எலையப் பாத்தீங்களா? எடது பக்கம். ஓட்ட இருக்கா? ஆங்.

ஒரே ஒரு விஷயம்மா. நான் கேட்டா நல்லா இருக்காது, நீங்க கேளுங்க. அந்த ஒம்போது சென்டிமீட்டர்… அது எனக்குத் திரும்பக் கெடைக்கும்ல?