முடிந்துபோன கோழிப் புரியாணி

கொட்டாஞ்சேனை பஸ் வெள்ளவத்தையில் நின்றபோது, முன் இருக்கையில் மடிக்கணினியோடு இருந்த பெண் தன் தோழியிடம் சொன்னாள்:

“கோழிப் புரியாணி முடிஞ்சுது எண்டு பட்டனை அமத்தினால், அது யானை மாதிரிப் பெருக்குதடி.”

திரையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் இணையப் பக்கம் தெரிந்தது. முடிந்த சாப்பாட்டின் படம் சாம்பல் நிறமானாலும் பக்கம் முழுவதும் பரவியிருந்தது.

“இறங்கினதும் கடைக்கார நானாவுக்குக் காட்டோணும். இண்டைக்கும் பிழைச்சால் வேற ஆளைப் பிடிப்பாராம்.”

“ஜாவாஸ்கிரிப்டில என்ன எழுதின நீ?”

“கிளாஸ்நேம் சமன் ‘முடிந்தது’ எண்டு. அந்தக் கிளாஸ்தானே படத்துக்குச் சாம்பல் நிறம் குடுக்கிறது.”

“விசரி! முந்தி அதில என்ன கிளாஸ் இருந்தது?”

“படத்தைச் சின்னனாக்கிற கிளாஸ்... ஐயோ, சமன் போட்டதில அது அழிஞ்சு போச்சு!”

“குளிருது எண்டவளின்ர சாறியை உருவிப்போட்டு ஸ்வெட்டர் மாட்டியிருக்கிறாய். கிளாஸ்லிஸ்ட் டொட் அட் எண்டு எழுது. இருக்கிறதோட சேர்த்துப் போடும்.”

மாற்றி எழுதிப் பார்த்தவள், பம்பலப்பிட்டி தாண்டியதும் எழும்பியே விட்டாள்.

“முடிஞ்சுது! கோழிப் புரியாணி முடிஞ்சுது!”

பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். படம் தன் பழைய அளவிலேயே சாம்பல் நிறமாகியிருந்தது. உடனே கடைக்கு அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

“நானா, இப்ப பாருங்கோ.”

“சரியா ஈக்கி மகள்! வேற ஆள் வேணாம், நீங்களே செய்ங்க. ஆனா புரியாணி இன்னும் அடுப்புல ஈக்கி. ஆக்கள் பாக்க முந்தி அந்த சாம்பல் நிறத்த கழட்டுங்க!”

“இப்பவே கழட்டுறன் நானா.”

“ஸ்வெட்டரை மட்டும்,” என்றாள் தோழி.