மருதாயி ரத்தம் நல்லாருக்கு

கதவ நல்லா இழுத்துச் சாத்துங்க தம்பி, கொண்டி லூசு. அந்த ஊசிப் பெட்டிய மடியிலயே வச்சுக்கங்க, முந்தல் ஊரு தாண்டிட்டா மலை வளைவு ஆரம்பிச்சிரும்.

என்ன கேட்டீங்க, டாக்டர் பாண்டியராஜனத் தெரியுமாவா? அவரு மூணு சீசன் ரத்தம் எடுக்க வந்தப்பவும் இதே ஜீப்புதான், நாந்தான் ஓட்டுனேன், நீங்க ஒக்காந்திருக்கிற எடந்தான். ஓ, நீங்க அவருகிட்டப் படிக்கிற பிள்ளையா. எத்தன கட்டுரை சொன்னீங்க, எரநூறா? அடேயப்பா. அதுல நம்ம ஏலக்காத் தோட்டத்தப் பத்துன ஒண்ண மட்டும் ஆயிரத்துச் சொச்சம் பேரு அவங்கவங்க கட்டுரையில எடுத்துப் போட்டிருக்காங்களா. பெரிய மனுசந்தேன்.

எனக்கு ஒண்ணு வெளங்கல. அந்த ஆயிரம் பேருல ஒருத்தராவது இந்த மலை ஏறிப் பாத்தாங்களா? இல்லேல்ல. அவரு சொன்னாருன்னு இவரு, இவரு சொன்னாருன்னு இன்னொருத்தரு. எங்க ஊர்ல இதுக்குப் புரளின்னு பேரு, நீங்க அதுக்குப் பதவி குடுக்குறீங்க. கீழ போடியில ஏலத்துக்கு வர்ற யாவாரி, மூட்டைய எடுக்க முன்ன ஒரு காய ஒடிச்சு உள்ள அரிசி கறுப்பா இருக்கான்னு பாப்பான். ஒங்காளுக ஒடிக்காமலே வாங்கிட்டாங்க.

மொகத்தத் திருப்பாதீங்க. அதுல என்ன எழுதிருக்குன்னு எனக்கும் தெரியும். தோட்டத்துல அடிக்கிற மருந்தால காய் எடுக்குற பொம்பளைகளுக்கு ஒரு கெடுதலும் இல்ல, மூணு சீசனும் ரத்தம் சுத்தம்னு. மொதலாளி அத ஆபீசுல கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிருக்கான். கை நடுங்குது, கண்ணு மங்குது, வைத்தியத்துக்கு ஏதாச்சும் பண்ணுங்கன்னு எவ போய் நின்னாலும் அந்தச் சட்டத்தத்தான் கையக் காட்டுறான்.

எப்படிச் சுத்தமா இருந்துச்சுன்னு சொல்லவா? காய் எடுக்க ஆள் ஏத்திட்டுப் போற இந்த ஜீப்புல ஒரு பேருக்கு ஒரு எடம். வராம விட்டா எடம் போச்சு, அடுத்த சீசனுக்கும் கங்காணி கூப்பிட மாட்டான். அதனால ஒருத்திக்கு மேலுக்குச் சேரலைன்னா, வீட்டுல நல்லா இருக்கிறவ, நாத்துனாளோ தங்கச்சியோ, அந்தப் பேர்லயே ஏறிருவா. கங்காணிக்குத் தெரியும், மொதலாளிக்குத் தெரியும், இந்த ஜீப்புக்கே தெரியும். மருந்து பட்டுச் சுருண்டவ கீழ ஊர்ல, ராசிங்காபுரத்துல பாயில கெடப்பா. இங்க அவ பேரக் கூப்பிட்டதும் நேத்து வந்தவ கைய நீட்டுவா. ஒங்க டாக்டரு மொகத்தப் பாத்தாத்தானே. நரம்பத்தான் பாத்தாரு.

சொல்லாம இருப்பனா. மதுரையில அவருக்கு மாலை போட்ட அன்னைக்கு மண்டபத்து வாசல்லயே மறிச்சுச் சொன்னேன். திருத்தி எழுதுங்கய்யா, அப்பத்தான் மொதலாளி அந்தச் சட்டத்த எறக்குவான்னு. சிரிக்கிறாரு தம்பி. அச்சாயிருச்சு சுருளிவேலு, இப்ப வாபஸ் வாங்குனா அத நம்பி எழுதுன எத்தன பேரு கட்டுரை கவுந்து போகும் தெரியுமாங்கிறாரு. கவுந்து கெடக்குற பொம்பளைகளப் பத்தி ஒரு வார்த்தை கேப்பாருன்னு நின்னேன். கார்க் கதவச் சாத்திட்டாரு. அவரு கார்க் கொண்டி லூசு இல்ல, ஒரே இழுப்புல சாத்திருச்சு.

இந்தா, வந்தாச்சு. பாத்து எறங்குங்க, பாசி வழுக்கும். காய் ஸ்டோர் வாசல்ல வரிசையா நிக்குதுக பாருங்க. நீங்க லிஸ்டப் பாத்து மருதாயின்னு கூப்பிட்டதும், தலையில பச்சத் துண்டு கட்டுன புள்ள ஒண்ணு வரும். இப்பக் கொஞ்ச நாளா அதுக்கும் கை நடுங்குது, நரம்பு சிக்குறது செரமம். மெதுவாக் குத்துங்க. பேரை மட்டும் மருதாயின்னு எழுதிராதீங்க. அது முத்துப்பிரியா, எம் மக. மருதாயி எஞ் சம்சாரம், டாக்டரு வந்த ரெண்டாவது சீசன்லயே செத்துப் போனா. மூணாவது சீசன்லயும் அவ ரத்தம் நல்லாருக்குன்னுதான் எழுதிருக்காரு.