பை புடிச்சவ

— நீ அடிக்கல. பையை மட்டுந்தான் புடிச்ச. அப்படித்தான?

— ஆமாம்மா. நாலு பை, நாலு ஐடி கார்டு.

— கார்டு எதுக்குடி கழட்டுனாளுக?

— முடியப் புடிச்சு இழுக்கும்போது கயிறு மாட்டிக்கும்னு சுபலட்சுமி சொன்னா. போன தடவையும் கழட்டிட்டுத்தான் அடிச்சாளுக.

— போன தடவை வேறயா?

— அப்பவும் நாந்தான் புடிச்சேன். புடிக்கலேன்னா அடுத்து என்னைய அடிப்பாளுக.

— சீ. கோயில் வாசல்ல செருப்புக்குக் காவல் இருக்கிற மாதிரி வாங்கி வச்சுக்கிட்டு நின்னுருக்க. உன் மூஞ்சியப் பாக்கவே அருவருப்பா இருக்கு, தாமரை.

— நான் மட்டுமா நின்னேன்? தெப்பக்குளம் ஸ்டாப்பே நின்னுச்சு. வயசுப் புள்ளைகள எப்படித் தொட்டு வெலக்குறதுன்னு ஆட்டோ ஸ்டாண்டு அண்ணங்க பேசிக்கிட்டாங்க. வெள்ளைத்துரை அண்ணே போன்ல வீடியோ எடுத்தாரு.

— அவன் எடுத்தத நானும் பாத்தேன். பாதிக்கு மேல முடியல, அணைச்சுட்டேன். நாகஜோதிக்கு நான் எத்தன நாளு தலை பின்னி விட்டிருக்கேன். அந்தச் சடையப் புடிச்சு ரோட்டுல இழுக்குறாளுக. அப்படி என்னடி பண்ணுனா அவ?

— சுபலட்சுமி கிளாஸுக்கு போன் கொண்டாந்தத மிஸ்ஸுகிட்டச் சொல்லிட்டா.

— அம்புட்டுத்தானா? அதுக்கா காது ஜவ்வு கிழிஞ்சு பெரியாஸ்பத்திரில கெடக்கா?

— நான் அவளத் தொடக்கூட இல்லம்மா.

— அழுகாத. அழுதா ஆச்சா? நாளைக்கு எச்.எம். ரூமுக்குப் போலீசு வருது. ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொல்ற. பை புடிச்சதையும் சொல்ற. டி.சி. குடுத்தா குடுக்கட்டும்.

— எல்லாத்தையுமா?

— எல்லாத்தையும்.

— அப்ப நம்ம கடையையும் சொல்லணும்மா.

— கடைக்கென்ன?

— அவ தப்பிச்சு ஓடுனது நம்ம கடைக்குத்தான். நீ ஷட்டர இறக்கிட்ட.

— சண்டைச் சத்தம் கேட்டா இறக்குறதுதான. இந்த வரிசையில எல்லாக் கடையும் அப்படித்தான். போன வருசம் எவனோ அடிச்சுக்கிட்டதுல நம்ம வளையல் அலமாரி பூரா ஒடஞ்சு போச்சு. யாரு என்னன்னு நான் பாக்கல.

— 'அத்தே, தெறங்க'ன்னு தட்டுனாம்மா.

— எவனோ தட்டுறான்னு நெனச்சேன்.

— உன்னைய அத்தேன்னு வேற யாரு கூப்பிடுறா?

— கேட்டுச்சுடி. கேட்டுச்சு. கை தாப்பா மேலதான் இருந்துச்சு. தெறந்தா எல்லாவளும் உள்ள வந்துருவாளுகளேன்னு பயந்துட்டேன். நாளைக்கு அத மட்டும் சொல்லாத, தாமரை.

— அவ நம்ம கடைக்கு ஓடுனதும் அவளுகளும் பயந்துட்டாளுகம்மா. நீ வெளிய வந்துருவ, போயிரலாம்னு சுபலட்சுமி எங்கிட்ட இருந்து பைய வாங்கித் தோள்ல மாட்டிட்டா. அப்பத்தான் நீ உள்ள தாப்பா போட்ட சத்தம் கேட்டுச்சு. திரும்பப் பைய எங்கிட்டக் குடுத்துட்டு, செருப்பக் கழட்டுனா.