புதன்கிழமை பார்வை நேரம்

— செருப்பை அங்கயே விட்டுட்டு இந்த உறையைக் கால்ல மாட்டிக்கங்க, ஐயா. கையை இன்னொரு தடவை கழுவிடுங்க.

— இப்பதானே கழுவுனேன், டாக்டரம்மா. அஞ்சு வாரமா வர்றேன். ஒரு தடவைக்கு மேல கழுவச் சொன்னதில்லையே நீங்க.

— இல்ல, அதாவது... சரி விடுங்க. கழுவ வேண்டாம். இப்படி உக்காருங்க.

— எதையோ சொல்ல வந்துட்டு முழுங்குறீங்க. முப்பது வருஷமா பஸ் ஓட்டுறவன் நான். கண்ணாடியில முகத்தைப் பார்த்தாலே, இந்த ஆள் அடுத்த நிறுத்தத்துல இறங்குவாரா, தூங்கிட்டே கடைசி வரைக்கும் வருவாரான்னு சொல்லிடுவேன்.

— டீ சொல்லட்டுமா?

— டீ கிடக்கட்டும். விஷயத்துக்கு வாங்க.

— இன்னைக்குத்தான் கடைசி, ஐயா.

— கடைசின்னா?

— வாராவாரம் நீங்க பார்க்குற அந்தத் தட்டு. செல்லெல்லாம் ஓய ஆரம்பிச்சிடுச்சு. அதாவது, உடம்பை விட்டு வெளிய வந்த கணையத்துச் செல்லு ரெண்டு மூணு வாரம் இருந்தாலே பெரிய விஷயம். இது ஏழாவது வாரம். இனிமே வச்சிருந்தா தானா அழிஞ்சிடும். அதுக்கு முன்னாடி நாங்க அதை உடைச்சு, உள்ள என்னென்ன மாறியிருக்குன்னு பார்க்கணும்.

— உடைச்சுன்னா, எதை வச்சு?

— கத்தி எல்லாம் இல்ல, ஐயா. ஒரு திரவம் ஊத்துவோம், கரைஞ்சிடும். ஒரு நிமிஷம்கூட ஆகாது.

— வலிக்காதுல்ல? பைத்தியக்காரன் மாதிரி கேக்குறேன் பாருங்க.

— பரவாயில்ல. வலிக்காது.

— ம். அந்த மருந்து என்ன ஆச்சு? குடல்ல இருந்து வர்ற ஏதோ ஒண்ணுன்னீங்களே.

— ஹார்மோன். நாம சாப்பிட்டதும் குடல் கணையத்துக்கு ஆள் விட்டுச் சொல்லும், 'சாப்பாடு வருது, இன்சுலினை எடுத்து வை'ன்னு. சர்க்கரை நோய்க்காரங்களுக்கு அந்தச் சேதி போனாலும் செல்லு எந்திரிக்காது. ஓவர்டைம் பார்த்துப் பார்த்து அசந்து கிடக்கும். அந்த ஹார்மோனைக் கொஞ்சம் மாத்திச் செஞ்ச மருந்தைக் குடுத்தா எந்திரிக்குமான்னு பார்த்தோம்.

— எந்திரிச்சுதா?

— எந்திரிச்சுது, ஐயா. போன வாரம் சர்க்கரைத் தண்ணி விட்டதும், முன்ன வந்ததைப் போல மூணு மடங்கு இன்சுலின் வந்துச்சு. எனக்கே நம்பிக்கை வரலை. ரெண்டு தடவை திருப்பிச் செஞ்சு பார்த்தேன்.

— அப்ப நாலு பேருக்கு உதவும்.

— உதவலாம். பத்து வருஷம் ஆகலாம். பாதியில நின்னும் போகலாம்.

— வண்டி கிளம்பிடுச்சில்ல, அது போதும். எப்பப் போய்ச் சேரும்னு டிரைவரைக் கேட்டா அவனுக்கு மட்டும் என்ன தெரியும்.

— நீங்க இப்படிப் பேசுறதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. மொத நாளே உங்களைத் திருப்பி அனுப்பியிருக்கணும் நான்.

— அனுப்பத்தான் பார்த்தீங்க. நான்தான் படியில உக்காந்துட்டேன். டூட்டி சட்டையைக்கூட மாத்தாம வந்தேன். கையில ஆஸ்பத்திரிக் கடிதாசு. 'உங்கள் மகளின் சிறுநீரகங்கள் இருவருக்கு, கல்லீரல் ஒருவருக்கு, கணையம் ஆராய்ச்சிக்கு.' அந்த மூணு பேரு யாருன்னு கேட்டா, சொல்லக் கூடாது, சட்டம்னுட்டாங்க. கணையம் இருந்த பெட்டியை இங்க கொண்டு வந்த வண்டிக்காரன் நம்ம கூட்டாளி. அவன் வாயைப் பிடுங்கித்தான் இந்த மூணாவது மாடியைக் கண்டுபிடிச்சேன்.

— அன்னைக்கு உங்க பொண்ணைப் பத்திச் சொன்னீங்க.

— வேற என்ன சொல்றது. இருபத்திமூணு வயசு. மூக்குக்கண்ணாடிக் கடையில சேர்ந்து எட்டு மாசம். மொத வேலையா என்னை உக்கார வச்சுக் கண்ணைச் சோதிச்சா. 'உங்களை நம்பி அம்பது பேர் ஏறுறாங்கப்பா, பார்த்து ஓட்டுங்க'ன்னா. அவ்வளவு பார்த்துப் பார்த்துச் சொன்னவளை, ஒருத்தன் பார்க்காம வந்து இடிச்சுட்டான்.

— அன்னைக்கும் இப்படித்தான் சொன்னீங்க, அழாம. அதுதான் எனக்குத் தாங்கலை. உள்ள கூட்டிட்டுப் போய், மைக்ராஸ்கோப்புல ஒரு தட்டை வச்சு, 'இதுதான் ஐயா'ன்னு காட்டிட்டேன்.

— மணல் மணலா, உருண்டை உருண்டையா இருந்துச்சு. சர்க்கரையைக் கண்டா விடாதுன்னீங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. டீயில மூணு கரண்டி போடுற கழுதை அது.

— ஐயா, அது உங்க பொண்ணோடது இல்ல.

— ம்.

— அவங்க கணையம் வந்த அன்னைக்கே பிரிச்சுப் பார்த்தோம். விபத்துல நல்லா அடி பட்டிருந்துச்சு. ராப்பகலா ரெண்டு நாள் மல்லுக்கட்டுனோம். ஒண்ணுகூடத் தேறலை. நீங்க வந்து நின்னப்ப, எடுத்துக் காட்டுறதுக்கு இங்க ஒண்ணும் இல்ல. பக்கத்துத் தட்டை எடுத்து வச்சேன். அது அம்பத்திரண்டு வயசு ஆளோடது. பத்து வருஷமா சர்க்கரை அவருக்கு. அதனாலதான் அந்த மருந்தையே அதுல சோதிச்சோம். அதாவது, ஒரு நாள்தானேன்னு நெனச்சேன். நீங்க அடுத்த புதனும் வந்தீங்க. அதுக்கப்புறம் வாய் வரலை. என்னை ரெண்டு வார்த்தை கேட்டுட்டாவது போங்க.

— மொதல்ல நீங்க உக்காருங்க, டாக்டரம்மா. எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— அவளோடது இல்லன்னு. ரெண்டாவது வாரமே தெரியும்.

— யாரு சொன்னா?

— தட்டு மூடிதான். அதுல தேதி எழுதி ஒட்டியிருந்துச்சு. அவ போறதுக்கு ஆறு நாள் முன்னாடித் தேதி. அந்த ஆறு நாளும் அவ வீட்டுல நல்லாத்தானே நடமாடிக்கிட்டு இருந்தா. ஒரு நாள் என் குடையைத் தொலைச்சுட்டு வந்து, என் மேலயே சண்டைக்கு வந்தா.

— அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே, ஐயா.

— கேட்டா நீங்க இல்லன்னு சொல்லிடுவீங்களே.

— அதனாலதான் நடுவுல பேச்சை மாத்துனீங்களா? மொத ரெண்டு வாரம் மைக்ராஸ்கோப்புல குனிஞ்சு 'என்னடி, சாப்பிட்டியா'ன்னு கேட்டீங்க. அப்புறம் திடீர்னு 'எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா'ன்னு ஆரம்பிச்சீங்க. துக்கத்துல மனசு இப்படி ஆயிடுச்சு போலன்னு நான் நெனச்சேன்.

— ஆம்பளையோ பொம்பளையோ, பெரியவங்களோ சின்னவங்களோ. யாருன்னே தெரியாதவங்களைப் போய் 'வாடி போடி'ன்னா நல்லாவா இருக்கும்? மரியாதையாவே பேசிடுவோம்னு விட்டுட்டேன். அம்பத்திரண்டு வயசு ஆம்பளையா அது? நல்லவேளை.

— நீங்க என்னைச் சிரிக்க வைக்காதீங்க, ஐயா.

— அந்த மனுஷனைப் பார்க்க அவர் வீட்டுல இருந்து யாரும் வர்றதில்லையா?

— யாருக்கும் இந்த இடம் தெரியாது. தெரிஞ்சாலும் உள்ள விட மாட்டோம். உங்களை விட்டது என் தப்பு.

— போற காலத்துல நல்லா உழைச்சுட்டுப் போறாரு. மூணு மடங்கு இன்சுலின்னா சும்மாவா.

— ஆனா ஒண்ணு எனக்குப் புரியலை. தெரிஞ்சதுக்கு அப்புறம் எதுக்கு ஐயா வாராவாரம் வந்தீங்க? ரெண்டு பஸ் மாறி, மதியச் சாப்பாட்டை விட்டுட்டு.

— வீட்டுல ஒருத்தி இருக்காளே.

— உங்க வீட்டம்மா எப்படி இருக்காங்க? நீங்க அவங்களைப் பத்திப் பேசுனதே இல்ல.

— பேச என்ன இருந்துச்சு. பொண்ணு போன அன்னைக்கு வாயை மூடுனவதான். சோத்தைப் பிசைஞ்சு வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா, வாய்க்குப் போகாது. மொத புதன்கிழமை இங்க இருந்து நேரா போய் அவகிட்டச் சொன்னேன். 'உன் பொண்ணைப் பார்த்தேன்டி. உசுரோடதான் இருக்கா. சர்க்கரை குடுத்தா வாங்கிக்கிறா'ன்னு. என்னையே ரொம்ப நேரம் பார்த்தா. அப்புறம் தட்டை இழுத்து ஒரு பருக்கை விடாம சாப்பிட்டா.

— ஐயோ.

— அதுல இருந்து புதன் வந்தா கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நிப்பா. 'எப்படி இருந்தா'ன்னு கேப்பா. இங்க வராமலே வீட்டுல போய்ச் சொல்லியிருக்கலாம்தான். ஆனா சொல்றேன் கேளுங்க, வெறுங்கையோட நின்னு பொய் சொல்ல எனக்கு வரலை. எதையாவது கண்ணால பார்த்துட்டுப் போனாத்தான், நல்லா இருக்கான்னு சொல்ல வாய் வந்துச்சு. நீங்க எனக்குக் குடுத்த பொய்யைத்தான் நான் அப்படியே அவளுக்குக் கொண்டு போய்க் குடுத்தேன். உங்களை என்னத்தக் கேக்குறது.

— இனிமே அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடணும், ஐயா. நானும் உங்க கூட வீட்டுக்கு வர்றேன். தப்பு என்னோடதுன்னு நானே சொல்றேன். தட்டும் இன்னைக்குப் போயிடுது. இதோட முடியட்டும்.

— எத்தனை மணிக்குக் கரைப்பீங்க?

— நாலு மணிக்கு.

— இப்ப ரெண்டுதானே ஆகுது.

— நேரத்தை ஏன் பார்க்குறீங்க, ஐயா?

— அவ கீழ உக்காந்திருக்கா, டாக்டரம்மா. பொண்ணைப் பார்க்கணும்னு இன்னைக்குத்தான் வீட்டை விட்டே வெளிய வந்தா.