எதுக்கும் தாங்குற ஒரு ஓப்பனிங்

இல்ல மாஸ்டர், நீங்க சொல்றது புரியுது. ராஜா முன்னாடி இருக்குற சிப்பாய அவன் தள்ளுனா அதுக்கு ஒரு பதில், ராணி முன்னாடி இருக்குறதத் தள்ளுனா அதுக்கு வேற பதில். அதுதான் முறைங்கறீங்க. எனக்கு ரெண்டு பதிலெல்லாம் மண்டையில நிக்காது. ஒண்ணே ஒண்ணு குடுங்க. அவன் வெள்ளையில என்ன ஆடுனாலும் நான் கருப்புல அதையே கண்ண மூடிக்கிட்டு ஆடணும். அப்படி ஒண்ணு இல்லாமலா போயிரும்?

கிளாஸ் பசங்கதான் எல்லாரும் போயிட்டாங்கல்ல, கொஞ்சம் உக்காருங்க. காயெல்லாம் நானே டப்பாவுல அடுக்கித் தர்றேன். நான் யாருன்னே சொல்லல பாருங்க. காருக்கும் பஸ்ஸுக்கும் சீட்டு தைக்கிறவன். ஆட்டம் என் பையனோட. காலையில அவன் முதல் மூவ் ஆடிட்டான், நான் போய்ப் பதில் ஆடணும்.

போட்டியா? அதெல்லாம் ஒண்ணுமில்ல. அப்பனும் புள்ளையும் வீட்டுல ஆடுறதுதான். ஆனா நான் சீக்கிரம் தோத்துறக் கூடாது. தோக்கலாம், சீக்கிரம் தோக்கக் கூடாது. சிரிக்காதீங்க மாஸ்டர்.

அவனுக்கு அஞ்சு வயசுல நான்தான் காய் நகத்தக் கத்துக்குடுத்தேன். சின்னப் புள்ளையாச்சேன்னு வெள்ளையக் குடுத்தேன். இருபத்தாறு வயசாகுது, இன்னும் வெள்ளை அவனுதுதான். இப்ப அவன் எங்கயோ போயிட்டான், நான் அங்கயே நிக்கிறேன். போன ஆட்டத்துல ராணியும் பிஷப்பும் சேந்து வந்து என் ராஜா பக்கத்துச் சிப்பாய்ல குத்திருச்சு. நாலஞ்சு மூவ்தான், கதை முடிஞ்சுது. என் பொண்டாட்டி அடுப்படியில உக்காந்து அழுதா. செஸ்ஸுல தோத்ததுக்கு ஒருத்தன் பொண்டாட்டி அழுது பாத்திருக்கீங்களா?

மெதுவா யோசிச்சு ஆடுறதா? அது உதவாது. நான் எவ்வளவு சீக்கிரம் ஆடுறேனோ அவ்வளவு நல்லது. ஆட்டம் மட்டும் நீளணும்.

ஜெயிச்சும் பாத்துட்டேன் மாஸ்டர். கடைக்குப் பக்கத்துல ஒரு எலக்ட்ரீஷியன், நல்லா ஆடுவாப்ல. துணிக்குக் கோடு போடுற சாக்பீஸால ரெக்ஸின்ல கட்டம் போட்டு, எந்தக் காய் எங்க நிக்குதுன்னு காட்டுவேன். அவரு சொன்னத அப்படியே வீட்டுல போய் ஆடுவேன். பெரிய புத்திசாலின்னு நெனப்பு எனக்கு. பையன் வசமா மாட்டுனான். கிறுக்கன் மாதிரி சந்தோஷப்பட்டேன். அதுக்கப்புறம் மூணு நாள் அவன் ஆடவே இல்ல. இது அப்பா ஆட்டம் இல்லன்னு தெரிஞ்சு போச்சு அவனுக்கு. பயந்துபோய் அடுத்த ஆட்டத்துல என் ராணியக் கொண்டுபோய் அவன் வாயில வச்சேன், வெட்டிக்கட்டும்னு. வெட்டல. காயெல்லாம் கலைச்சுப் போட்டுட்டான்.

ஆட்டத்துக்கு நடுவுல எப்படி கடைக்குப் போனேனா? அது ஒரே மூச்சுல ஆடுற ஆட்டமில்ல. போன்லயும் இல்ல. வீட்டுல பலகை இருக்கும், அவன் ஒரு மூவ் ஆடுவான், அப்புறம் நான். அத விடுங்க, நீங்க அந்த ஓப்பனிங்கக் காட்டுங்க.

இதென்ன, எல்லாச் சிப்பாயும் ஒரே ஒரு கட்டம்தானா? ரெண்டு பிஷப்பும் ஆளுக்கொரு ஓரமா பதுங்கிக்கிட்டு, குதிரை ரெண்டும் சிப்பாய்ங்களுக்குப் பின்னாடி. மூணாவது வரிசையத் தாண்டுறதே இல்ல. அட, இதுல அவன் என்ன ஆடுனா நமக்கென்ன? இதத்தான் மாஸ்டர் நான் கேட்டேன்.

ஜெயிக்கிறது கஷ்டமா? அவன் நெருக்கிப் பிடிப்பானா? மூச்சு முட்டுமா? முட்டட்டும். எத்தன மூவ் தாங்கும், அதச் சொல்லுங்க. நாப்பதா? பொறுமையா ஆடுனா அம்பதுமா?

அம்பதா.

இல்ல, தண்ணி வேணாம். ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். வேலைக்குப் போன பையன் ஒரு மத்தியானம் வந்தான் மாஸ்டர், ரூமுக்குள்ள போனான், கதவச் சாத்துனது சாத்துனதுதான். என்ன நடந்துச்சுன்னு இன்னும் எங்களுக்குத் தெரியாது. டாக்டர் வர்றாரு, கதவுகிட்ட நின்னு பேசிட்டுப் போறாரு. ஒரு தடவ தாழ்ப்பாள உடைச்சு உள்ள போனோம், அன்னைக்கு அவன் பண்ணிக்க இருந்தத என் வாயால சொல்ல மாட்டேன். அவன் ரூம் வாசல்ல ஸ்டூல் போட்டு செஸ் பலகைய வச்சது என் பொண்டாட்டிதான். நான் கருப்ப நகத்திட்டு, பக்கத்துல சாப்பாட்டுத் தட்ட வச்சிட்டு, அவனுக்குக் கேக்குற மாதிரி கால அழுத்தி நடந்து வந்துருவேன். அப்புறம்தான் கதவு கொஞ்சமா திறக்கும். கை மட்டும் வெளிய வரும், வெள்ளைய நகத்தும், தட்ட எடுத்துக்கிட்டு உள்ள போயிரும். ஆட்டம் முடிஞ்சா, புதுசா காய அடுக்கி வச்சாலும் ஒரு நாள் முழுக்கத் திறக்குறதில்ல. எத்தன தட்டு வச்சாலும் அப்படியே கிடக்கும்.

நானும் அவளும் ஹால்ல சத்தம் காட்டாம நின்னு அந்தக் கையப் பாத்துக்குவோம். இன்னைக்குக் காலையில நகம் வெட்டியிருந்தான்.